எச்.டி.யில் சீரியல் பளிச், கிரிக்கெட் மட்டும் மங்கல் ஏன்? அஸ்தம்பட்டிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஏற்காடு ரோட்டில், அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி ஒரு சின்ன டிஷ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் ஐ.பி.எல். தொடங்கினால் என் போன் ஓயாது. கேட்பது பெரும்பாலும் ஒரே சங்கதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, எச்.டி.க்குத் தனியா காசு கட்டறேன். சீரியல் கண்ணாடி மாதிரி இருக்கு. மேட்ச் போட்டா மட்டும் புல்லெல்லாம் பச்சைக் கஞ்சியா ஆயிடுது. ஏன்?

பச்சைக் கஞ்சி என்று சொன்னவர் ஜாகீர் அம்மாபாளையத்து வாடிக்கையாளர் ஒருவர். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

செயற்கைக்கோளிலிருந்து நொடிக்கு 25 முழுப் படங்கள் வரிசையாக இறங்கி வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அனுப்ப எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. இடையிடையே ஒரு முழுப் படம் வரும். அதற்கப்புறம் வருவதெல்லாம் ‘முந்தின படத்தில் எது நகர்ந்தது, எது மாறியது’ என்ற குறிப்பு மட்டும்தான். வீட்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் அந்தக் குறிப்பை வைத்து மீதிப் படத்தை வரைந்துகொள்கிறது.

சீரியலில் மாமியார் சோபாவில் உட்கார்ந்து முறைக்கிறார். சுவர் அசையாது, திரைச்சீலை அசையாது, சோபா அசையாது. முகம் மட்டும் திரும்புகிறது, அதுவும் மெதுவாக, மூன்று தடவை. அனுப்ப வேண்டிய குறிப்பு கொஞ்சம்தான். அதனால் மிச்சமிருக்கும் இடத்தையெல்லாம் புடவைச் சரிகையையும் நெக்லஸையும் துல்லியமாகக் காட்டச் செலவழிக்கலாம்.

கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் லாங் ஆன் பக்கம் தூக்கி அடிக்கிறார். கேமரா பந்தோடு ஓடுகிறது. மைதானத்தில் இருக்கும் ஒவ்வொரு புல்லும் இடம் மாறுகிறது. பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து கை ஆட்டுகிறார்கள். முந்தின படத்தோடு ஒத்துப்போவது எதுவுமே இல்லை. அந்த அரை நொடிக்குள் அனுப்ப வேண்டிய குறிப்பு மலை மாதிரி குவிகிறது, வழியோ அதே அளவுதான். அதனால் அனுப்பும் இயந்திரம் முதலில் எதைத் தியாகம் செய்யலாம் என்று பார்க்கிறது. புல்லின் நுணுக்கம், கூட்டத்தின் முகங்கள் இரண்டும்தான் முதல் பலி. மனிதக் கண் பந்தைத்தான் பார்க்கும், புல்லை எண்ணாது என்ற கணக்கு.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது கவனியுங்கள். கேமரா ஓடும்போது புல் மெழுகிவிட்ட தரையாக இருக்கும். கேமரா நின்ற அரை நொடியில் புல் முளைக்கும். நிலையான காட்சியில்கூட, சில நேரம் புல் மெல்ல மங்கி ஒரு நொடிக்கு ஒரு தடவை ‘டக்’கென்று தெளியும், மூச்சு விடுகிற மாதிரி. அந்த ‘டக்’தான் அடுத்த முழுப் படம் வந்து சேர்கிற நேரம். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு என் மைத்துனருக்கு மேட்ச் பார்க்கவே பிடிக்கவில்லையாம். படிப்பவர்களும் யோசித்துவிட்டுக் கவனிக்கவும்.

அப்ப கபடி மட்டும் எப்படிப் பளிச்சுனு இருக்கு?

உள்ளரங்கம், ஒரே நிற மேட், மாறாத வெளிச்சம், பெரிதாக ஓடாத கேமரா. அனுப்பும் இயந்திரத்துக்கு அது விடுமுறை நாள். டென்னிஸும் பரவாயில்லை. கால்பந்து கஷ்டம், கேமரா நிற்கவே நிற்காது. நீச்சல் ரொம்பக் கஷ்டம், தண்ணீர் ஒரு நொடி மாதிரி மறுநொடி இருக்காது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ஜல்லிக்கட்டு நேரலை. புழுதி, காளை, மேலே பாயும் நூறு பேர், காலரியில் ஆயிரம் பேர், எல்லாம் ஒரே நேரத்தில் அசையும். ஆத்தூர் பக்கம் கூலமேட்டு ஜல்லிக்கட்டை நேரில் பார்த்துவிட்டு டி.வி.யில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காளையின் கொம்பு எங்கே முடிகிறது, புழுதி எங்கே தொடங்குகிறது என்று பெட்டிக்கே தெரியாது.

சிக்னல் 85 காட்டுது. டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி 95 ஆக்கினா படம் தெளிவாகுமா?

ஆகாது. நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலை மட்டும் படித்தால் போதும்.

பழைய ஆன்டெனா காலத்துப் பழக்கம் இது. மொட்டை மாடியில் அண்ணன் குழாயைத் திருப்புவார், கீழே தம்பி ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போச்சு போச்சு’ என்று கத்துவான். அன்று சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி விழும், கூடக் கூடத் தெளியும். இப்போது வருவது எண்கள். வழியில் சில எண்கள் கெட்டுப் போனாலும் அவற்றைச் சரிசெய்யும் ஏற்பாடு கூடவே வருகிறது. அந்த ஏற்பாடு சமாளிக்கும் வரை, நிலையத்திலிருந்து கிளம்பிய படம் ஒரு புள்ளி மாறாமல் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். 85-லும் அதே படம்தான், 95-லும் அதே படம்தான். சமாளிக்க முடியாத எல்லையைத் தாண்டிவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், சத்தம் விக்கும், கடைசியில் ‘நோ சிக்னல்’ வரும். இரண்டுக்கும் நடுவே ‘கொஞ்சம் மங்கல்’ என்று ஒரு நிலை கிடையாது.

அதனால் கோளாறு எந்தப் பக்கம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பெரிய கட்டங்கள் தப்பான நிறத்தில் வந்து நின்றால், கூடவே சத்தமும் வெட்டினால், பிரச்சினை உங்கள் கூரையில்: டிஷ், வயர், எல்.என்.பி. (டிஷ்ஷின் கை நுனியில் சிக்னலை வாங்கும் கருவி), அல்லது மழை. எனக்குப் போன் செய்யுங்கள். வேகமாக நகரும்போது மட்டும் பொடிப் பொடிக் கட்டமாகி, நின்றதும் தெளிந்து, சத்தம் சுத்தமாக ஓடினால், அது அனுப்பும் இடத்திலேயே அப்படித்தான் கிளம்பியிருக்கிறது. எனக்குப் போன் செய்து புண்ணியமில்லை. எல்.என்.பி. மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால், அவருக்கு எல்.என்.பி. விற்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

டிஷ்ஷைத் திருப்பினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை வளர்ந்ததற்கு எங்கள் தொழிலும் ஒரு காரணம். 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் (சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகள் அதை நம்பியிருந்தன. சேனல்கள் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறின. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், இது 91.5 டிகிரியில். இரண்டே டிகிரிதான், ஆனால் வீடு வீடாக மாடி ஏறி ஒவ்வொரு டிஷ்ஷாகத் திருப்பினோம். ஸ்பேனரை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் படம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மனத்தில் அந்தத் தட்டு அப்படியே தங்கிவிட்டது.

நான் பாக்கறது நிஜமாவே எச்.டி.தானா?

நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் பல நேரம் பதில் ‘இல்லை’. மூன்று இடங்களில் கை வையுங்கள்.

முதலில் சேனல் நம்பர். ஒரே சேனலுக்கு எஸ்.டி. (சாதாரணத் தரம்) நம்பர் வேறு, எச்.டி. நம்பர் வேறு. பெட்டி எச்.டி. பெட்டி, டி.வி. எச்.டி. டி.வி., ஆனால் தாத்தா பல வருடமாக மனப்பாடமாக அழுத்துவது எஸ்.டி. நம்பர். அடுத்து வயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள வயரில் இணைத்திருந்தால் எச்.டி. வரவே வராது. எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். அப்புறம் பெட்டியின் செட்டிங்ஸில் படத்தின் அளவு 576 என்று இருந்தால் 1080-க்கு மாற்றுங்கள். கரன்ட் போய் வந்து, யாரோ ரிமோட்டை அழுத்தி, இது தானாக மாறியிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதைச் சரிசெய்ய மெக்கானிக் வேண்டாம். எஸ்.டி. படத்தில் 576 கோடுகள், எச்.டி.யில் 1080. சாதாரணக் கண்ணுக்கு, 43 அங்குல டி.வி.யில் 1080 கோடுகளையும் பிரித்துப் பார்க்க ஏறக்குறைய ஐந்தரை அடி தூரத்தில் உட்கார வேண்டும். பத்தரை அடி தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டுவதே ஏறக்குறைய 576 கோடுதான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பெரிய கூடம், ஒரு மூலையில் டி.வி., எதிர்மூலையில் ஊஞ்சல். ‘எச்.டி. போட்டும் வித்தியாசமே இல்லைங்க’ என்றார் வீட்டுக்காரர். ஊஞ்சலை விட்டு எழுந்து வரச் சொன்னேன். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

எட்டு எம்.பி.பி.எஸ்., பத்து எம்.பி.பி.எஸ். என்று பையன் ஏதோ சொல்கிறான். அது என்ன கணக்கு?

டாக்டர் படிப்பு இல்லை. ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்ற அளவு. தண்ணீர்க் குழாயின் பருமன் மாதிரி.

மைதானத்தில் இருக்கும் எச்.டி. கேமராவின் கம்பியில் சுருக்காத படம் நொடிக்கு 1,485 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. உங்கள் வீட்டு டிஷ்ஷுக்கு வரும்போது ஒரு சேனலுக்கு எட்டு மெகாபிட் கிடைத்தால் நல்ல சேனல். கிட்டத்தட்ட 185-இல் ஒரு பங்கு. இவ்வளவு சுருக்கியும் மனிதர் மாதிரி தெரிவதே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும். இந்தச் சுருக்கும் முறைக்கு எச்.264 என்று பெயர், 2003-இல் வந்தது. அதற்கு முந்தைய எம்பெக்-2 இதே தரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கேட்கும்.

ஏன் எட்டோடு நிறுத்துகிறார்கள்? செயற்கைக்கோளில் இருக்கும் ஒரு டிரான்ஸ்பாண்டர், 36 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால், இன்றைய முறையில் நொடிக்கு 60, 70 மெகாபிட் சுமக்கும். அதற்கு வாடகை உண்டு. எட்டு சேனல் ஏற்றினால் ஆளுக்கு எட்டு மெகாபிட். அதே இடத்தில் பன்னிரண்டு ஏற்றினால் ஐந்தரை. பந்தியில் எதிர்பார்த்ததைவிட ஆள் கூடினால் ரசத்தில் தண்ணீர் கூடும் அல்லவா, அதேதான். இலையில் ரசம் இருக்கும், பெயர் ரசம்தான், மிளகுதான் தெரியாது.

இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. எல்லாச் சேனலுக்கும் சமமாகப் பங்கு வைக்காமல், அந்த நொடியில் யாருக்குத் தேவையோ அவருக்கு அதிகம் கொடுக்கும் ஏற்பாடு. செய்தி வாசிப்பவர் அசையாமல் இருக்கிறார், அவர் பங்கிலிருந்து இரண்டு மெகாபிட் எடுத்துக் கிரிக்கெட்டுக்குக் கொடு என்று இயந்திரமே முடிவு செய்யும். ஒரே டிரான்ஸ்பாண்டரில் சீரியல், செய்தி, சமையல் என்று கலந்து இருந்தால் இது பிரமாதமாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு விளையாட்டுச் சேனல்கள் ஒன்றாக மாட்டிக்கொண்டால் எல்லாரும் கை நீட்டுவார்கள், கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் அதே சேனலில் செவ்வாய்க்கிழமை மதியம் மறுஒளிபரப்பு நேரலையைவிட நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது பிரமை இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. படத்தின் அகலம் 1,920 புள்ளி. அதை 1,440 ஆகக் குறைத்து அனுப்பிவிட்டு, பெட்டியில் மறுபடி இழுத்து 1,920 ஆக்கலாம். திரையில் ‘1080’ என்றுதான் காட்டும். அமெரிக்காவில் 2000-களின் நடுவில் செயற்கைக்கோள் டி.வி.யில் 1,280 வரை குறைத்தபோது, அங்கே இருந்த ரசிகர்கள் அதற்கு ‘எச்.டி. லைட்’ என்று பெயர் வைத்தார்கள். லைட் டீ மாதிரி.

வாழப்பாடியில நடக்கற மேட்ச். சேலத்துல இருந்து 30 கிலோமீட்டர்கூட வராது. அது ஏங்க மங்கலா வரணும்?

டி.என்.பி.எல். (தமிழ்நாட்டு டி20 கிரிக்கெட் தொடர்) ஆட்டத்தை வாழப்பாடி மைதானத்தில் நேரில் பார்த்துவிட்டு வந்த பையன் கேட்டது. நியாயமான கேள்வி.

பஸ்ஸில் வந்தால் 30 கிலோமீட்டர். படம் வரும் வழி வேறு. மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டியில் (ஓ.பி. வேன்) எல்லாக் கேமராவும் சேர்கின்றன. அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகவோ ஃபைபர் வழியாகவோ சேனலின் நிலையத்துக்குப் போகிறது, அதற்கு ஒருமுறை சுருக்க வேண்டும். நிலையத்தில் விரித்து, ஸ்கோர் பட்டை, விளம்பரம் சேர்த்து, மறுபடி சுருக்கி மேலே அனுப்புகிறார்கள். வீட்டு டிஷ்ஷுக்கு நேராக அனுப்பும் டி.டி.எச். நிறுவனம் அதை வாங்கி, விரித்து, தன் டிரான்ஸ்பாண்டருக்கு ஏற்ற அளவில் மூன்றாவது தடவை சுருக்கி, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தன் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அது கீழே இறங்கி உங்கள் மாடிக்கு வருகிறது.

ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்த கதை. முதல் சுருக்கலில் விழுந்த சின்னக் கறையை இரண்டாவது இயந்திரம் கறை என்று அறியாது, அதுவும் படத்தின் நுணுக்கம் என்று நினைத்து அதைக் காப்பாற்ற இடம் செலவழிக்கும். வெளிநாட்டில் நடக்கும் ஆட்டம் என்றால் வழியில் இன்னும் ஒன்றிரண்டு கை மாறும்.

2023 முதல் 2027 வரை ஐந்து ஐ.பி.எல்.லுக்கு இந்திய டி.வி. உரிமை மட்டும் 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. அவ்வளவு கொடுத்து வாங்கிய படத்தைக் கடைசிக் கட்டத்தில் இரண்டு மெகாபிட் மிச்சம் பிடித்துக் கெடுக்கிறார்களே என்று எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் உரிமைக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், டிரான்ஸ்பாண்டர் வாடகை கட்டுபவர் இன்னொருவர்.

தமிழ் வர்ணனை வெச்சா படம் இன்னும் மோசமா இருக்கே?

தமிழ் வர்ணனைச் சேனல் வந்த புதிதில் சில வருடம் அது எஸ்.டி.யில் மட்டும்தான் இருந்தது. இப்போதும் உங்கள் பேக்கில் தமிழ் எஸ்.டி.யும் ஆங்கில எச்.டி.யும் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது எஸ்.டி.யையும் எச்.டி.யையும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று ஐந்து சேனல். மைதானம் ஒன்று, பந்து ஒன்று, படமும் அதே படம். ஒரே படத்தோடு ஐந்து மொழிச் சத்தத்தையும் அனுப்ப இந்தத் தொழில்நுட்பத்தில் முதலிலிருந்தே வழி இருக்கிறது. சத்தத்துக்கு ஆகும் இடம் ரொம்பக் குறைவு. இருந்தாலும் ஒவ்வொரு மொழிக்கும் விளம்பரம் வேறு, சந்தா வேறு என்பதால் அதே படத்தை ஐந்து தடவை ஏற்றுகிறார்கள். பந்தியில் ஒரே ஆள் ஐந்து இலையில் உட்கார்ந்திருக்கிறார்.

நம்ம நடராஜன் யார்க்கர் போடறப்ப பந்தே தெரியறதில்லை. அதுக்கும் இதுதான் காரணமா?

பாதிக் காரணம்தான். சின்னப்பம்பட்டிக்காரர் பந்து வீசினால் சேலமே டி.வி. முன்னால் உட்காரும், அதனால் இந்தக் கேள்வி எனக்கு நிறைய வரும்.

இங்கே எச்.டி. சேனல்கள் வருவது 1080 கோட்டில்தான், ஆனால் ஒரே நேரத்தில் முழுசாக இல்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள் 540, அடுத்த நொடித்துளியில் இரட்டைப்படைக் கோடுகள் 540, இப்படி நொடிக்கு 50 அரைப் படங்கள். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஓர் அரைப் படத்துக்கும் அடுத்த அரைப் படத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 78 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இரண்டு அரையையும் ஒட்டி ஒரு முழுப் படமாக்க உங்கள் டி.வி. முயலும்போது, பந்து ஓரிடத்தில் இல்லை, இரண்டிடத்தில் இருக்கிறது. மலிவான டி.வி. அதைச் சீப்புப் பல் மாதிரி காட்டும் அல்லது குழப்பி மறைத்துவிடும். இதனால்தான் அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என். போன்ற சில சேனல்கள் 1080-ஐ விட்டுவிட்டு, 720 கோடுதான் என்றாலும் நொடிக்கு 60 முழுப் படங்கள் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தன.

மீதிப் பாதிக் காரணம் யார்க்கர். பேட்ஸ்மேனுக்கே தெரியவில்லை.

ஏற்காட்டுல எஸ்டேட் வீடு. பனி இறங்கினா படம் மங்குது. பெரிய டிஷ் போடலாமா?

பனிமூட்டத்தின் மேல் பழி போடாத ஆள் ஏற்காட்டில் இல்லை. பனி பாவம்.

டி.டி.எச். அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். மூட்டத்தில் இருக்கும் நீர்த்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அலை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு இருபதாவது கொண்டை ஊசி வளைவில் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், உங்கள் டிஷ்ஷுக்கு அதில் ஒன்றுமில்லை. மழைத்துளி வேறு, அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும், அலையை உறிஞ்சும், சிதறடிக்கும்.

சேர்வராயன் மலை மறைக்கிறது என்பதும் அநேகமாகச் சரியில்லை. நம் ஊரிலிருந்து பார்த்தால் செயற்கைக்கோள்கள் வானத்தில் ரொம்ப உயரத்தில் இருக்கின்றன. தீர்க்கரேகை 83 டிகிரியில் இருப்பது அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 75 டிகிரி உயரத்தில், உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே. 108.2 டிகிரியில் இருப்பதுகூட கிழக்கே 53 டிகிரி உயரத்தில். அவ்வளவு உயரத்தை மறைக்க மலை உங்கள் கொல்லைப்புறத்திலேயே செங்குத்தாக நிற்க வேண்டும்.

உண்மையான எதிரி சில்வர் ஓக். காப்பிக்கு நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறுவதற்கும் நட்டது. டிஷ் மாட்டிய அன்று கூரை உயரம், நான்கு வருடத்தில் டிஷ்ஷின் பார்வைக்குக் குறுக்கே வந்துவிடும். காய்ந்த இலையில் ஓரளவு சமாளிக்கும், நனைந்த இலை தண்ணீர்த் திரை மாதிரி. மூட்டம் இறங்கினால் இலை நனைகிறது, இலை நனைந்தால் படம் உடைகிறது, பழி மூட்டத்துக்கு. நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கிளையை வெட்ட எஸ்டேட்காரர் ஒப்பவில்லை. டிஷ்ஷை வீட்டின் மறுகோடிக்கு மாற்றினேன், பதினைந்து மீட்டர் வயர் கூடுதல், அவ்வளவுதான் செலவு.

அடுத்த எதிரி குரங்கு. டிஷ்ஷின் கையில் தொங்கி ஊஞ்சலாடும், வயரைக் கடிக்கும். இதற்குப் பெரிய டிஷ் போட்டால் அதற்குப் பெரிய ஊஞ்சல். வயரைக் குழாய்க்குள் விடுங்கள், போல்ட்டை நன்றாக முடுக்குங்கள்.

மூன்றாவது, கனெக்டருக்குள் ஈரம். மலையில் வருடம் முழுக்க ஈரம்தான். வயரின் செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும். ரப்பர் டேப் சுற்றாமல் விட்டுப் போன மெக்கானிக்கைத் திட்டுங்கள். அது நானாகவும் இருக்கலாம்.

கோடை மழைல கடைசி ஓவர்ல கட் ஆயிடுது. அதுக்காவது பெரிய டிஷ் உதவுமா?

உதவும். வழக்கமான 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் போட்டால் பிடிக்கும் சிக்னல் இரண்டு மடங்குக்கும் மேல். சாதாரண மழை தாங்கும். ஏப்ரல், மே மாலையில் இடியோடு கொட்டும் மழையைத் தாங்காது, அதை எதுவும் தாங்காது. வழக்கமாகப் பத்து இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிடும்.

ஒரு சின்ன வழி சொல்கிறேன். சில நிறுவனங்களில் எச்.டி. சேனல்கள் போகும் முறைக்கு எஸ்.டி.யைவிடக் கொஞ்சம் கூடுதல் சிக்னல் வேண்டும். அதனால் மழையில் எச்.டி. முதலில் போகும். உடனே அதே சேனலின் எஸ்.டி. நம்பரை அழுத்துங்கள், பல நேரம் அது ஓடிக்கொண்டிருக்கும். தாத்தாவின் மனப்பாடம் இங்கே கைகொடுக்கும்.

ஆனால் மழையில்லாத நாளில் மங்கலாகத் தெரிகிற புல்லுக்கும் பெரிய டிஷ்ஷுக்கும் சம்பந்தமில்லை. மேலே சொன்னதுதான்.

டி.வி. செட்டிங்ஸ்ல என்ன மாத்தணும்?

கடையில் ஓடும் ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ மோடிலேயே பலர் வீட்டிலும் பார்க்கிறார்கள். அதிலிருந்து ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘சினிமா’ மோடுக்கு வாருங்கள். ‘ஷார்ப்னெஸ்’ஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அது நுணுக்கத்தைக் கூட்டுவதில்லை, கெட்டுப்போன ஓரங்களுக்குக் கோடு போட்டுக் காட்டுகிறது. படத்தின் இரைச்சல் புள்ளிகளை அழிக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைவாக வையுங்கள், கூட வைத்தால் மிச்சமிருக்கும் புல்லையும் அதுவே மேய்ந்துவிடும். ‘ஸ்போர்ட்ஸ் மோட்’ என்பது பெரும்பாலும் பச்சையைக் கூட்டும் பொத்தான்.

4கே டி.வி. வாங்கினா சரியாயிடுமா?

ஆகாது. ரசத்தைப் பெரிய டம்ளரில் ஊற்றினால் மிளகு கூடாது. நல்ல 4கே டி.வி.யில் அரைப் படங்களை ஒட்டும் வேலை சுத்தமாக நடக்கும், அது ஒரு லாபம். 55 அங்குலம் வாங்கி அதே தூரத்தில் உட்கார்ந்தால் முன்பு தெரியாத குறைகளும் தெரியும். புது டி.வி. வாங்கிய மறுநாள் எனக்கு வரும் போன்கள் எல்லாம் இந்த வகை.

கேபிளுக்கு மாறட்டுமா, இல்ல ஆப்ல பாக்கட்டுமா?

கேபிள்காரரும் சேனலை ஒரு செயற்கைக்கோளிலிருந்து வாங்கித்தான் தருகிறார். அவர் எவ்வளவு சுருக்குகிறார் என்பது ஊருக்கு ஊர் மாறும். மாறுவதற்கு முன் கேபிள் இருக்கும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து ஓர் இன்னிங்ஸ் பாருங்கள், காப்பியும் கிடைக்கும்.

நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தால் ஆப்பில் படம் டிஷ்ஷைவிடத் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே டிரான்ஸ்பாண்டர் நெருக்கடி இல்லை. ராத்திரி எட்டு மணிக்குத் தெருவே நெட்டில் உட்காரும்போது தரம் இறங்கும், அப்புறம் ஏறும். இன்னொன்று, தாமதம். டிஷ்ஷிலும் சில நொடித் தாமதம் உண்டு, ஆப்பில் அது பல நொடி. நீங்கள் பார்க்கும் திரையில் பந்து இன்னும் பௌலர் கையில் இருக்கும், எதிர்வீட்டில் விசில் அடித்து முடித்திருப்பார்கள். எனக்குத் தெளிவைவிட இது முக்கியம், அதனால் டிஷ்தான்.

இந்தியா மேட்ச் டி.டி.யில வருதுன்னாங்க. என் பெட்டியில டி.டி. வெச்சா வேற ஏதோ ஓடுது.

2007-இல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் நேரலையை உரிமை வாங்கிய சேனல், தூர்தர்ஷனை (டி.டி.) நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அது தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் இலவச டிஷ்ஷுக்கும் மட்டும்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் டி.டி.எச்.சிலும் கேபிளிலும் அந்த நேரம் டி.டி.யில் வேறு நிகழ்ச்சி ஓடுவது அதனால்தான். உங்கள் பெட்டியில் கோளாறு இல்லை.

யார்கிட்ட புகார் சொன்னா கேப்பாங்க?

உங்கள் டி.டி.எச். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு முதலில். ‘படம் சரியில்லை’ என்று சொன்னால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார்கள், அடுத்து ஆள் அனுப்பி டிஷ்ஷைத் திருப்புவார்கள், அதற்குக் காசும் வாங்குவார்கள். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: இந்தச் சேனல், இந்தத் தேதி, இத்தனை மணி, அப்போது பெட்டியில் சிக்னல் குவாலிட்டி இவ்வளவு, படம் உறையவில்லை, சத்தம் வெட்டவில்லை, வேகமான காட்சியில் மட்டும் புல் கலைகிறது, அதே நேரம் மற்ற எச்.டி. சேனல் நன்றாக இருந்தது. இரண்டு மூன்று போட்டோவும் எடுத்து வையுங்கள். புகார் எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு அவர்களுடைய நோடல் அதிகாரிக்கு (மேல்கட்டப் புகார்களைப் பார்ப்பவர்) எழுதுங்கள், முகவரி அவர்கள் இணையதளத்தில் இருக்கும்.

நான் ஒருமுறை இப்படி எழுதினேன். மூன்றாம் நாள் ஒரு பையன் ஸ்பேனரோடு வந்து, என் கடை வாசலில் நின்று, ‘அண்ணா, டிஷ் எங்க இருக்கு?’ என்று கேட்டான்.